நாளைக்கும் சேர்த்துப் போட்ட டிக்

அந்த அட்டையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கலைவாணி வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையில் அட்டையைக் கொடுத்தாள். மாதம் முழுவதற்கும் கட்டம் போட்ட அட்டை. அவள் மகள் நிவேதாவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த நான்கு பயிற்சிகளைத் தினமும் செய்துவிட்டு, அந்தந்த நாளின் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும்.

எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அளவு. நான் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக வந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கும் டிக் இருந்தது. சனி, ஞாயிறுக்கும் இருந்தது.

நாளைக்குச் செய்யப்போகிற பயிற்சிக்கு இன்றைக்கே டிக்.

"தெனமும் பண்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பண்றோம் மிஸ்," என்றாள்.

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். வளர்ச்சியில் பின்தங்கும் சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கே போய், பெற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி கொடுப்பவள் நான். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் நான் இருப்பேன். மீதி நேரமெல்லாம் அம்மாவும் அப்பாவும்தான். அவர்கள் செய்யாவிட்டால் நான் போவதும் ஒன்றுதான், போகாததும் ஒன்றுதான்.

நிவேதாவுக்கு அப்போது இரண்டரை வயது. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட ஒரு பாதிப்பால் வலது கை இறுக மூடியே இருக்கும். எல்லாவற்றையும் இடது கையே செய்துவிடும். கெட்டிக்காரக் கை அது. அதனால்தான் ஆபத்து. மூளை இளசாக இருக்கிற இந்த இரண்டு மூன்று வருஷத்தில் வலது கைக்கு வேலை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அப்படி ஒரு கை இருப்பதையே குழந்தை விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த நான்கு பயிற்சி. அதற்காகத்தான் அந்த அட்டை.

பாயில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். முகம் நிறைய பவுடர், புது கவுன், படிய வாரிய தலை. எதிரே நான் வாங்கி வைக்கச் சொல்லியிருந்த நாலு கலர் பிளாஸ்டிக் கப். ஒன்றுக்குள் ஒன்றை அடுக்குகிற பயிற்சிக்கு. ஒரு கப்பின் அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு மாதமாகத் தினமும் விளையாடுகிற கப்பை ஒரு குழந்தை அப்படியா பார்க்கும்? கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி பார்த்தது.

வீட்டுக்குள் பசை வாசம் வந்தது. கட்டில் விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. யாரோ ஒரு பெண் ஜன்னலில் வந்து "கலா" என்று கூப்பிட்டாள், என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

இந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று அன்றே மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டிக்கெட் பரிசோதகர் மகள்

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து. என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முப்பது வருஷம் மனிதர்களின் முகத்தைப் பார்த்து, யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் அவரை விடாது. தேவாலயத்தில் பக்கத்து வரிசைக்காரர் கண்ணை மூடி ஜெபம் செய்தால்கூட, இந்த ஆள் தூங்குகிறான் என்று அம்மாவிடம் சொல்வார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வயிற்று வலி என்று சொன்னால், எங்கே வலி என்று கேட்க மாட்டார். ஐந்து நிமிஷம் கழித்து வேறு ஏதோ பேசிக்கொண்டே வந்து, எந்தப் பக்கம் என்று சொன்னாய் என்று கேட்பார். பக்கம் மாறியிருந்தால் நான் தீர்ந்தேன்.

அவரைத் திட்டிக்கொண்டே வளர்ந்து, அப்படியே அவராக ஆகிவிட்டேன். என் கணவர் கடைக்குப் போய்விட்டு வந்தால் பையைத்தான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம். அவருக்குப் பழகிவிட்டது.

இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது முதல் வகுப்பிலேயே சொன்னார்கள், வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி போங்கள், பரிசோதிக்க வந்தவர் மாதிரி போகாதீர்கள், குழந்தையை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று. நான் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். எழுதியதோடு சரி.

நான் மட்டும்தான் இப்படி என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துத் தெருக்களும் என்னை மாதிரிதான். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாக ஒருத்தி உள்ளே வந்தால், அவள் குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்கலாம். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்க்க வந்திருக்கலாம். ஷூ கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு அனுப்பிய ஆடிட் ஆளாகவும் இருக்கலாம். குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

ராணிப்பேட்டையில் ஒரு வீட்டில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று, "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்றார். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. கேட்டிருந்தால் கலைவாணியின் அட்டை எனக்குப் புரிந்திருக்கும்.

நல்லது நடந்தாலும் சந்தேகம்

அடுத்த சில வாரங்களில் ஒரு விஷயம் நடந்தது. கப் ஒன்றை நிவேதாவின் வலது பக்கமாக உருட்டிவிட்டேன். அந்த மூடிய கை மெதுவாகத் திறந்தது. உள்ளே மடங்கியிருந்த கட்டைவிரல் வெளியே வந்தது. கப்பைப் பிடிக்கவில்லை, தொட்டது. அவ்வளவுதான். ஆனால் இரண்டரை வயதுக்குள் அந்தக் கட்டைவிரலை நாங்கள் யாரும் வெளியே பார்த்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். நான் கப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

கப்பைத் தொடவே இல்லை, ஆனால் கை திறக்கிறது. அப்படியென்றால் வேறு என்னவோ செய்கிறார்கள். குழந்தையின் இரண்டு கையையும் வாங்கிப் பார்த்தேன். இடது கை விரல்களில் ஏதோ கறுப்பாகப் படிந்திருந்தது. ஆள்காட்டி விரலில் நூல் அழுத்திய தடம் மெல்லிசாக இருந்தது.

சில வீடுகளில் யாரோ சொன்னார்கள் என்று நல்ல கையைக் கட்டிப்போட்டு, மற்றக் கையை வேலை செய்ய வைப்பார்கள். இந்த வயதில் நாள் பூராவும் அப்படிக் கட்டினால் இருக்கிற நல்ல கையும் கெடும். இல்லையென்றால் நரம்பு வைத்தியம் என்று யாரிடமாவது கொண்டுபோய்க் கையை முறுக்கி எண்ணெய் போடுகிறார்களோ என்றும் தோன்றியது.

வேறு எங்கேயாவது காட்டுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை மிஸ் என்றாள். கையை எதிலாவது கட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை மிஸ். இது என்ன கறுப்பு என்றேன். வெளையாடிச்சு மிஸ் என்றாள். கேள்வி கேட்கக் கேட்க அவள் பதில் சின்னதாகிக்கொண்டே போனது.

அன்றைக்கு ஃபைலில் இப்படி எழுதினேன்: தாய் சொல்வதை நம்ப முடியவில்லை. எதையோ மறைக்கிறார்.

எழுதி முடித்ததும் வெளியே ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. நிவேதா கையை நீட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக்குட்டியைக் காட்டிவிட்டு வந்தேன். பேனாவை மூடி, ஃபைலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் கலைவாணி என்னிடம் சரிங்க மிஸ் என்பதைத் தவிர வேறு பேசவில்லை. மறைக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் போன நாள்

எப்போதும் வியாழக்கிழமைதான் போவேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் போனேன். அப்பாவின் புத்தி. ரயிலில் ஒரு பக்கமாக ஏறினால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள் என்று நடுப்பெட்டியில் ஏறுவார் அவர். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன்.

கதவு பாதி திறந்திருந்தது.

தரையெல்லாம் ஷூவின் மேல்பாகத் தோல்கள் குவிந்து கிடந்தன. அப்பர் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பிரவுன் நிறம், ஓரமெல்லாம் வரிசையாக ஓட்டை. கலைவாணி கால்களை நீட்டி உட்கார்ந்து, மெழுகு தடவிய நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசை டப்பா. எதிரே நிவேதா. பவுடர் இல்லை, கவுன் இல்லை, ஜட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் ஒரு தோல் துண்டு. அவள் கையிலும் நூல்.

"புடி. உடாத. இழு, இழு," என்று கலைவாணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஊசிதான் தெரிந்தது. பசை டப்பாதான் தெரிந்தது. விரல் கறுப்பும் நூல் தடமும் ஒரே நொடியில் விளங்கிவிட்டன. மூன்று வயது ஆகாத, கை சரியில்லாத குழந்தை.

"கொழந்தைய வெச்சு வேல வாங்குறீங்களா?" என்றேன்.

கலைவாணி எழுந்தாள். அப்பர்களை வாரி வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குழந்தையின் கையில் இருந்ததையும் பிடுங்கித் தள்ளினாள். நிவேதா அழ ஆரம்பித்தாள். எல்லாம் உள்ளே போன பிறகு விரிப்பைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க மிஸ்," என்றாள்.

அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் ஏறியது. குழந்தையைப் பற்றிக் கவலை இல்லை, கம்பெனியைப் பற்றித்தான் கவலை என்று நினைத்தேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்து பொறுப்பாளரிடம் கொட்டித் தீர்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். இடது கை என்ன செய்தது என்று கேட்டாள். நூலை இழுத்தது என்றேன்.

"வலது கை இன்னா பண்ணிச்சுக்கா?" என்றாள். அவள் படிவத்தில் அடுத்த கட்டம் அது, வேறு காரணம் இல்லை.

கண்ணை மூடி அந்த அறையை மறுபடியும் பார்த்தேன். தோல் துண்டு குழந்தையின் மடியில் இருந்தது. அது நழுவவில்லை. ஏன் நழுவவில்லை? வலது கை அதன்மேல் இருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

பத்து வருஷமாகக் குழந்தைகளின் கையைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு அந்த அறையில் நான் பார்க்காமல் விட்டது கையை மட்டும்தான்.

உள்ளே மணி அடித்த போன்

அடுத்த வியாழக்கிழமை போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. பக்கத்து வீட்டில், ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வாசலில் குழந்தையின் சின்னச் செருப்பு கிடந்தது.

கலைவாணிக்கு போன் போட்டேன். கதவுக்கு உள்ளே மணி அடித்தது. பிறகு நின்றது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கதவோடு, இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றிருப்போம் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். ஒரு குடும்பம் இப்படி மூன்று தடவை கதவைத் திறக்காவிட்டால் பெயரை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் வேறொரு குழந்தையைச் சேர்க்கலாம் என்பது எங்கள் நடைமுறை. பெயரை எடுத்தால் டாக்டர் பார்ப்பதும் நின்றுவிடும். திறக்க ஆரம்பித்த கை. இப்போது விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும்.

கலைவாணியின் கணவர் பிரபு டேனரியில் தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம்மை ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும் கடை எனக்குத் தெரியும். அங்கே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு ஓரமாக வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை.

நான் அன்றைக்குச் சத்தம் போட்டதற்காகத்தானே கதவைத் திறப்பதில்லை என்று கேட்டேன். அது மட்டும் இல்லை என்று தலையாட்டினார்.

"நீங்க ஆட்டுக்குட்டி காட்டப் போனீங்களே மிஸ், ஃபைல அங்கயே வெச்சுட்டுப் போய்ட்டீங்க. கலா படிச்சுட்டா. நம்ப முடியலன்னு எழுதியிருந்தீங்களாமே. ரெண்டு நாள் சாப்புடல அவ."

தோளில் தொங்கிய பையை, உள்ளே இருந்த ஃபைலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பர் விஷயத்தையும் அவரே சொன்னார். கலைவாணி முன்பு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். நிவேதா பிறந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு ஏஜெண்ட் அப்பர்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பான். வீட்டில் தைக்கக் கொடுப்பது ஆர்டர் கொடுக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. கழுத்தில் அடையாள அட்டையோடு யார் வந்தாலும் மூட்டையை ஒளித்துவிட வேண்டும், காட்டினால் தெரு முழுக்க வேலை நின்றுவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறான். நான் மாதக்கணக்காக அந்த வீட்டுக்குள் அட்டையோடு போய்க்கொண்டிருந்தேன்.

கலைவாணியிடம் என்னைப் பற்றிப் பேசிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து பிரபு போன் செய்தார்.

"வரச் சொல்றா மிஸ். கழுத்துல அந்த அட்ட வேணாமாம். ஃபைல மட்டும் எடுத்துட்டு வரணுமாம்."

மொதல்லேர்ந்து படிங்க

ஃபைலைக் குடும்பத்துக்குக் காட்டக் கூடாது என்று எங்கள் மையத்தில் விதி எதுவும் இல்லை. யாரும் கேட்டதில்லை, நாங்களும் காட்டியதில்லை. பொறுப்பாளரிடம் சொன்னேன். போங்கக்கா என்றாள்.

நான் போனபோது நிவேதா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கலைவாணி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து படிங்க," என்றாள்.

அவள் பிளஸ் டூ படித்தவள். அவளே படித்துக்கொள்ளலாம். என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். படித்தேன். குழந்தையின் எடை, உயரம், எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது. தாயின் ஒத்துழைப்பு சுமார். அட்டை பொய்யாக நிரப்பப்பட்டுள்ளது.

"பொய்தான்," என்றாள் கலைவாணி.

கம்பெனியில் ஆடிட் வருவதற்கு முன்னால் சூப்பர்வைசர் தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பாராம். மெஷின் துடைத்தது, மாஸ்க் போட்டது, எல்லாவற்றுக்கும் மாதம் முழுக்க டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த லைனுக்கே திட்டு விழும். எத்தனையோ வருஷம் அப்படிப் போட்டுப் பழகிய கை. என் அட்டையைப் பார்த்ததும் அதே பயம் வந்திருக்கிறது. காலியாக இருந்தால் பிள்ளையை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

ஏன் அப்படி நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் நாள் அட்டையைக் கொடுத்தபோது நானே சொன்னேன், இதை நிரப்பாவிட்டால் தொடர முடியாது என்று. எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்வது என் வழக்கம். பயம் இருந்தால்தான் செய்வார்கள் என்று நம்பியவள் நான்.

தொடர்ந்து படித்தேன். அந்தப் பக்கம் வந்தது. அந்த வரிக்கு மேல் நின்றேன்.

"படிங்க," என்றாள்.

"தாய் சொல்வதை நம்ப முடியவில்லை. எதையோ மறைக்கிறார்," என்று படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கலைவாணி அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"மறச்சேன் மிஸ். அப்பர மறச்சேன். அட்டையில பொய் சொன்னேன். அதெல்லாம் தப்புதான். ஆனா புள்ளைக்கு ஒண்ணும் பண்ணலன்னு நெனச்சீங்க பாருங்க, அதுதான் பேஜாராப் போச்சு எனக்கு."

பிறகு கப் கதையைச் சொன்னாள். முதல் வாரம் தினமும் கப்பை வைத்துப் பார்த்திருக்கிறாள். நிவேதா எடுத்து எறிந்துவிடுவாள். இவள் தைக்க உட்கார்ந்தால் மட்டும் வந்து நூலைப் பிடித்து இழுப்பாள். வேலை கெடுகிறதே என்று கழிவுத் தோல் ஒன்றைக் கொடுத்து, ஓட்டையில் தடிமனான லேஸ் நூலைக் கோத்து விட்டிருக்கிறாள். ஊசி கொடுக்கவே இல்லை. நான் பார்த்த ஊசி அவள் கையில் இருந்த ஊசி.

"ஒத்தக் கையால இழுத்தா தோலும் கூடவே வந்துடும் மிஸ். இன்னொரு கை அமுத்திப் புடிச்சாதான் நூல் வரும். நாலஞ்சு நாள் கத்துனா. அப்புறம் அந்தக் கைய எடுத்து அவளே வெச்சா. ரெண்டு கையும் சேந்து வேல செய்யணும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அதற்குக் கப் என்று நான் ஒரு வழி வைத்திருந்தேன். அவள் தன் வேலையிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்து, என் வழியைவிட நன்றாக நடத்தி, அதை என்னிடமிருந்து ஒளித்து, நான் வரும் நாளில் மட்டும் கப்பைத் துடைத்து வைத்திருந்தாள். நான் விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசை டப்பாவைப் பற்றி மட்டும் சொன்னேன். குழந்தை பக்கத்தில் அது இருக்கக் கூடாது, வெளியே வைத்துத்தான் ஒட்ட வேண்டும் என்றேன். அவளுக்கு முழு மனசில்லை. வெளியே வைத்தால் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்றாள். பின்பக்கம் இருக்கிற சின்ன இடத்தில் வைத்துக்கொள்வதாக ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். வைத்தாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியில்லை.

ஃபைலில் எழுதிய பக்கங்கள் முடிந்தன.

"அவ்ளோதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். அவள் தூங்குகிற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா எழுதுவீங்களா?"

எழுதுகிறேன் என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும். ஒரு கட்டு தச்சு முடிச்சுட்டு சாப்ட ஒக்காந்தேன். இவ வந்து பக்கத்துல ஒக்காந்தா. தட்டுல கைய வெச்சா. வலது கைய. ஒரு வாய் சோறு அள்ளி என் வாயில வெச்சா மிஸ். பாதி கீழ கொட்டிச்சு. பாதி உள்ள வந்துச்சு."

யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவர் ஷிப்ட்ல இருந்தாரு. உங்களுக்குத்தான் போன் போடலாம்னு எடுத்தேன். அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க, கை ஏன் கறுப்பா இருக்குன்னு கேப்பீங்க. அப்பர் விஷயம் வெளிய வந்துடும். வெச்சுட்டேன்."

இந்த வேலையில் நான் காத்திருப்பதே அந்த மாதிரி ஒரு போனுக்காகத்தான். அது வரவேண்டிய நாளில் வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆனாலும் பாருங்கள், அதே நேரத்தில் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தக் கட்டைவிரல் அப்போதுதான் வெளியே வந்திருந்தது. சோறு அள்ள மணிக்கட்டு திரும்ப வேண்டும், விரல்கள் சேர்ந்து குவிய வேண்டும், கை வாய் வரைக்கும் உயர வேண்டும். என் அனுபவத்தில் அது நடக்க வாய்ப்பே இல்லை. குழந்தையை எழுப்பிக் காட்டச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன். பேனாவை எடுத்து எழுதினேன்.

தாயின் கூற்றுப்படி, குழந்தை வலது கையால் சோறு எடுத்து ஊட்டியுள்ளது.

கலைவாணி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"அந்த மொத ரெண்டு வார்த்தைய அடிச்சுடுங்க மிஸ்," என்றாள்.

நாங்கள் கண்ணால் பார்க்காததை அப்படித்தான் எழுதுவோம், அது எல்லாருக்கும் பொதுவான முறை என்று விளக்கினேன். நான் சொன்னது சரிதான். முறை அப்படித்தான். அவள் என் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

நிவேதா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சட்டைப் பொத்தானை இரண்டு கையாலும் போட்டுக்கொள்கிறாள். வலது கையால் அவள் யாருக்கும் ஒரு வாய் சோறு ஊட்டி நான் இன்று வரைக்கும் பார்த்ததில்லை. ஃபைலில் அந்த வரி அப்படியே இருக்கிறது.